கொக்கும் குத்தும்

அன்புள்ள முத்துவுக்கு,

கடிதம் கிடைத்தது. நிலம் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, "உறுமீன் வருமளவும் வாடியிருக்கும் கொக்கு நான்" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மூதுரையில் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? அடங்கி இருப்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணி மிஞ்சப் பார்க்காதே என்றுதான் பாட்டு தொடங்குகிறது. எச்சரிக்கை எதிரே நிற்பவனுக்கு. நாம் அந்த முன்பாதியை விட்டுவிட்டு, சும்மா இருப்பதற்கெல்லாம் கொக்கைச் சாட்சிக்கு இழுக்கிறோம்.

வள்ளுவர் இதில் இன்னும் கறார். காலமறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், காலம் வரும்வரை கொக்குபோலக் கூம்பி இருக்கச் சொன்ன கையோடு, வாய்த்ததும் அதன் குத்துபோலச் செய்துமுடிக்கவும் சொல்கிறார். கொக்கு கழுத்தை மடித்துத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவுக்கு நிற்கும். மீன் நெருங்கியதும் அந்தக் கழுத்து நீள்வது நம் கண்ணுக்குத் தெரியாது. அலகில் மீன் துடிப்பதுதான் தெரியும். உன்னிடம் கூம்பல் இருக்கிறது, குத்தைத்தான் காணோம்.

நம் பேச்சில் இந்தப் பறவைக்கு நிலையான குணமே கிடையாது. பொறுமைக்குப் புகழ்ந்த அதே நிற்பைப் பிடிக்காதவரிடம் கண்டால் 'கொக்குத் தவம்' என்கிறோம். தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைத்தபின் பிடிக்கிற கதையில் ஏமாளி யார்? அவ்வளவு கிட்டப் போனவன் அப்போதே பிடித்திருக்கலாமே! "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்பதில்தான் பாவம், எச்சமிட்ட குற்றத்துக்கு முனிவர் பார்வையில் எரிந்தே போகிறது. முறைத்தால் அடங்கிவிடும் ஆள் நானில்லை என்று சொல்ல இன்றும் அதைத்தான் இழுக்கிறோம்.

பழந்தமிழில் கொக்கு என்றால் மாமரமும்கூட. நற்றிணை 280ஆம் பாட்டில் பரணர் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார். கொக்கிலிருந்து உதிர்ந்த தீம்பழம், கொக்கின் கூம்பிய நிலைபோல் மொட்டு விட்ட ஆம்பல் இருக்கும் ஆழ்ந்த நீரில் துடுமென விழுகிறது. வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன கூம்பல் இங்கே ஒரு மொட்டுக்கு! முதல் முறை படித்தபோது, பறவை எப்படிப் பழத்தை உதிர்க்கும் என்று யாரும் ஒரு கணம் திகைக்கத்தான் செய்வார்கள்.

முழங்கால் வலி எனக்கு இப்போது தேவலை. மகள் கல்யாணப் பத்திரிகை அடித்ததும் அனுப்பு. முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சிவராமன்