கோயா வரைஞ்ச வெலிங்டன்

டேய் முருகேசா,

எப்படி இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு உன் தங்கச்சி சொல்லித்தான் தெரிஞ்சுது, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. நான் லண்டன்ல பொண்ணு வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு, குளிரு தாங்கல, பேரனோட பொழுது போகுது.

போன வாரம் நேஷனல் கேலரிக்குப் போனேன்டா. அங்க ஒரு படத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னுட்டேன், உன் ஞாபகம்தான். வெலிங்டன் பிரபு, ஸ்பெயின் ஓவியர் கோயா வரைஞ்சது. நம்ம ஹிஸ்டரி சார் சொல்வாரே, 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு விழுந்ததும் கோட்டைய தன் பொறுப்புல எடுத்துக்கிட்ட ஆர்தர் வெல்லஸ்லி, அதே ஆளுதான். அதனால கொஞ்சம் கோவத்தோடதான் போய் நின்னேன்.

சின்னப் படம்டா, ரெண்டடி உயரத்துக்கு கொஞ்சம் மேல இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு யூனிஃபார்ம், மார்பு நிறைய மெடல், பின்னாடி ஒரே இருட்டு. ஆனா அந்தக் கண்ணு இருக்கே, பல நாள் தூங்காத கண்ணு. வாய் லேசா திறந்து பல்லு தெரியுது, ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி. ஜெயிச்ச மனுஷன் மொகமே இல்ல. இத்தனைக்கும் ஸ்பெயினப் பிடிச்சு வெச்சிருந்த பிரெஞ்சுப் படைய அங்க சலமாங்காங்கிற ஊர்ல அடிச்சுட்டு 1812 ஆகஸ்ட்ல மாட்ரிட்குள்ள வந்தப்போ ஆரம்பிச்ச படம், ஊரே கொண்டாடின நேரம்.

அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் ஸ்பெயின்ல பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த படஹோஸ் கோட்டைய முற்றுகை போட்டுப் பிடிச்சாரு. அந்த முற்றுகைல அவர் பக்கம் மட்டும் செத்ததும் காயம்பட்டதுமா 4500 பேருக்கு மேல, விடிஞ்சு பொணங்களப் பாத்து அழுதுட்டாராம். உள்ள புகுந்த அவரோட சிப்பாய்ங்க ஊர் ஜனங்களக் கொள்ளையடிச்சு பொம்பளைங்கள சீரழிச்சது தனிக் கொடுமை, அதையும் மறக்கக் கூடாது. கோயாவுக்கு அப்போ 66 வயசு, காது சுத்தமா கேக்காது, அதே வருஷங்கள்லதான் போரோட கொடூரத்த படமா அச்சடிக்க ஒவ்வொரு செப்புத் தகடா செதுக்கிட்டு இருந்தார், அதெல்லாம் அவர் செத்து 35 வருஷம் கழிச்சு 1863-லதான் வெளிய வந்துச்சு. பொணத்தையும் பஞ்சத்தையும் வரைஞ்ச அதே கைதான் இந்த ஜெனரலையும் வரைஞ்சிருக்கு, அதான் புகழ்ந்து வரைய வரல போலன்னு எனக்குத் தோணுது.

இன்னொரு விஷயம், 1814-ல புதுசா கிடைச்ச மெடலையும் ஜரிகையையும் படத்துல சேத்திருக்காங்க. மார்புல பதக்கம் ஏறிட்டே போகுது, கண்ணு மட்டும் அப்படியே இருக்கு. குதிரைமேல உக்காந்த மாதிரி பெருசா ஒண்ணும் கோயா வரைஞ்சாரு, அத எக்ஸ்ரே எடுத்தா அடியில வேற யாரோ ஒருத்தர் உருவம் இருக்காம்! ஆட்சி மாற மாற மேல மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாரு. இந்தச் சின்னப் படம் 1961-ல திருடு போயி நாலு வருஷம் கழிச்சுதான் திரும்பிச்சு, அது தனிக் கதை, நேர்ல சொல்றேன்.

உன் ஞாபகம் ஏன் வந்துச்சுன்னா, 71 சண்டை முடிஞ்சு உங்க அப்பா லீவுல வந்தப்போ ஸ்டூடியோல எடுத்த போட்டோ உங்க வீட்டு முன்ரூம்ல மாட்டியிருக்குமே, புது மெடலெல்லாம் குத்திக்கிட்டு. அதே கண்ணுடா. சின்னப் பசங்களா நாம மெடல மட்டும்தான் எண்ணிட்டு இருந்தோம், அவர் ஒரு நாளும் சண்டையப் பத்தி வாயத் திறக்கல. அந்தப் போட்டோ இன்னும் இருந்தா ஒரு காப்பி எடுத்து அனுப்பு, செல்லு அரிச்சிருந்தாலும் பரவாயில்ல.

அம்மாவ கேட்டதா சொல்லு.

உன்
சேகர்