ஈஸ்டாடிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். “அந்தக் குட்டி ஊரில் பார்க்க என்னதான் இருக்கு?” என்று கேட்டீர்கள். அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

ஈஸ்டாட், ஸ்வீடனின் தெற்குக் கரையில் இருக்கிறது. 1658 வரை டென்மார்க்கைச் சேர்ந்த ஊர். போரில் தோற்ற டென்மார்க் ஸ்கோனே மாகாணத்தையே விட்டுக்கொடுத்தபோது இதுவும் கைமாறியது. மரச்சட்டம் நிறுத்தி, இடையே செங்கல்லோ களிமண்ணோ அடைத்துக் கட்டிய பழைய வீடுகள் ஏறக்குறைய 300 இன்னும் நிற்கின்றன. பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இத்தனை மரம் இருந்தால் தீப்பயம் இருக்காதா? அதற்குத்தான் மரியா தேவாலயக் கோபுரத்தில் ஒரு காவலாளி. இரவு 9.15 முதல் 1 மணி வரை, கால் மணிக்கு ஒருமுறை நான்கு திசையிலும் கொம்பு ஊதுகிறார். எங்கும் நெருப்பில்லை, தூங்குங்கள் என்று அர்த்தம். காவலாளி கண்ணயர்ந்தால் தலையை வெட்டிவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் மிரட்டி வைத்திருந்தார்களாம். இப்போது தீயணைப்பு வண்டி இருக்கிறது, அலாரம் இருக்கிறது. ஆனாலும் ஊதுவதை விடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கொம்பின் வாய் மட்டும் வெளியே நீளும். ஒரே சுருதி, அதுவும் கரகரவென்று. உங்கள் நாகஸ்வரக் காதுக்குப் பிடிக்காது.

1267-ல் வந்த பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடமும் உண்டு. கத்தோலிக்கத்தை எதிர்த்த சீர்திருத்தச் சபை தலையெடுத்த காலத்தில், 1532-ல், அவர்களை விரட்டிவிட்டார்கள். அப்புறம் மருத்துவமனை, சாராயம் காய்ச்சும் இடம் என்று மாறி, இப்போது மியூசியம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பக்கத்துக் கோசெபெர்யா கிராமம்தான். கடலோரக் குன்றின் மேல் 59 பெருங்கற்களைக் கப்பல் வடிவில் நட்டிருக்கிறார்கள். நீளம் 67 மீட்டர், வயது சுமார் 1400 ஆண்டு. சூரியனைப் பார்த்து நாள் கணிக்க வைத்தது என்று ஒரு கட்சி, ஈமச்சின்னம் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கப்பல் வடிவில் கல் நட்டு இறந்தவர்களைப் புதைப்பது இந்தப் பக்கத்தில் பல இடங்களில் இருந்த வழக்கம். சுற்றிலும் மாடுகள் மேய்கின்றன. காற்றில் நின்று பேச முடியாது. கீழே துறைமுகத்தில் புகை போட்ட ஹெர்ரிங் மீன் விற்கிறார்கள். நம் மத்திக்குப் பங்காளி, முள்ளும் அப்படியே.

விசாவுக்குப் போட்டோ எடுத்துவிட்டீர்களா? ஜூனில் வாருங்கள், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அப்போதும் ஸ்வெட்டர் வேண்டும். அம்மா நம்ப மாட்டாள், நீங்களே பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்