அவர் தொல்லை ஆய்வாளர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறாண்டுக்கு முந்திய லண்டன் புறநகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஆசையோடு படித்தேன். மற்ற இரண்டு தடவையும், என் கண்ணில் பட்டது சரிதானா என்று பார்க்கப் படித்தேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் ‘தொல்லை ஆய்வாளர்’ என்றொரு வேடிக்கையான பதவி இருந்ததாம். அந்தப் பக்கத்திலேயே ஒரு படம். சாக்கடை மூடியருகே பெட்டியோடு குனிந்து நிற்கும் மனிதருக்குக் கீழே ‘கொசுப்புகை அடிக்கும் ஊழியர்’ என்று போட்டிருக்கிறீர்கள்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். அந்த ‘வேடிக்கையான பதவி’தான் எங்கள் தொழிலின் ஆணிவேர். கட்டுரை ‘தொல்லை’ என்று மொழிபெயர்த்த ‘நியூசன்ஸ்’ என்பது ஆங்கிலச் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் பாடுவது மட்டுமல்ல. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் புரட்டினால் தெரியும்: நிரம்பி வழியும் கக்கூசு, அடைபட்ட வடிகால், வீடுகளுக்கு நடுவே பன்றி வளர்ப்பு, ஓர் அறையில் பத்துப்பேர் நெருக்கியடித்துக் கிடப்பது. நோய் பிறக்கும் இடங்களுக்கெல்லாம் சட்டம் வைத்த பெயர் அது. அவற்றைத் தேடிப் போவதற்கே அந்த ஆய்வாளர். 1921இல் அவரைச் ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ ஆக்கினார்கள். 1956இல் அந்தப் பெயரும் போய், எங்களுக்கு இருந்த அதே பெயர் வந்தது. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல.

படத்தில் அவர் கையில் இருந்தது கொசுப்புகைப் பெட்டியும் அல்ல, வடிகாலைச் சோதிக்கும் புகைப்பெட்டி. எண்ணெயில் நனைத்த பஞ்சை அதற்குள் புகையவிட்டு, துருத்தியால் வடிகாலுக்குள் ஊதுவார்கள். பிறகு வீட்டுக்குள் போய் நின்று பார்ப்பார்கள். சமையலறைத் தொட்டியடியிலோ படுக்கையறைச் சுவரோரத்திலோ புகை கசிந்தால் குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். வாசலில் நின்று ‘என் வீட்டில் ஒரு குறையும் இல்லை’ என்று சாதித்த வீட்டுக்காரர் அந்தப் புகைக்கு முன் வாயடைத்துப் போவார். அதன்பின் நோட்டீஸ், தவணை, நீதிமன்றம்.

அந்த நோட்டீசை எழுதுவது அன்று இலேசான காரியமாக இருக்கவில்லை. சம்பளம் கொடுத்தது உள்ளூர் சபை. சபையில் உட்கார்ந்திருந்தவர்களிலோ வாடகை வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர். லண்டனுக்கு வெளியே இந்த அதிகாரிகளின் வேலைக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததே அந்த 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதுவரை, தான் நோட்டீஸ் கொடுத்த மனிதரே தன் வேலையைப் பறிக்கலாம் என்று தெரிந்துகொண்டுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைக் கிணற்றுக்கு நோட்டீஸ் கொடுத்தேன். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம்தான். என் காலாலேயே அளந்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது, குழிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வெடிப்பிலிருந்து மட்டும் கரிய ஈரம் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் மூன்று பிள்ளைகள் நெருப்புக் காய்ச்சலில் (டைபாய்டில்) கிடந்தார்கள். ஒன்பதாம் நாள் எனக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அந்தக் கிணற்றை யாராவது மூடினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்டுரையாளரோ, சுத்தம் ஆங்கிலேயரின் இரத்தத்திலேயே ஊறியது என்று முடித்திருக்கிறார். ஐயா, நான் கடந்த பதினான்கு ஆண்டுகளாக மகள் வீட்டில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். காலையில் நான் நடக்கும் புல்மேட்டுக்கு அடியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர் பாசல்ஜெட் கட்டிய பெரிய கழிவுநீர்க் குழாய்கள் பெக்டன் கழிவுநீர் நிலையத்துக்குப் போகின்றன. பக்கத்து வெஸ்ட் ஹாமில் அன்று எலும்பு வேகவைக்கும் கொட்டில்களும் இரசாயன ஆலைகளும் குவிந்திருந்தன. காரணம், லீ ஆற்றைத் தாண்டினால் லண்டனின் கட்டுப்பாடுகள் செல்லாது என்பதுதான். இரத்தத்தில் ஊறிய சுத்தம் ஓர் ஆற்றங்கரையோடு நின்றுவிடுமா?

1911ஆம் ஆண்டுக் கோடையைப் பாருங்கள். வெயிலும் குதிரைச் சாணமும் ஈயும் சேர்ந்து குழந்தைகளை வயிற்றுப்போக்கில் வாரிக்கொண்டு போயின. அந்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 130 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டு நகருக்கு 1904இல் மேயரான பிராட்பென்ட் என்பவர், தம் பதவிக்காலத்தில் அந்நகரின் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வயதைத் தொட்டால் ஒரு பவுண் தருவதாகத் தாய்மாருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு வயதைத் தொடுவதே பரிசுக்குரிய செய்தியாக இருந்த காலம் அது.

லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் 1937இல் என்ன நடந்தது? ஊருக்குக் குடிநீர் தந்த அடிங்டன் கிணற்றில் பழுதுபார்க்க இறங்கிய தொழிலாளிகளில் ஒருவரின் உடலில் நெருப்புக் காய்ச்சல் கிருமி இருந்தது. அதே நேரத்தில் அந்தத் தண்ணீரை வடிகட்டாமலும் குளோரின் சேர்க்காமலும் விட்டிருந்தார்கள். 43 பேர் மாண்டார்கள். அதைப் படித்த இரவு என் பன்னிரண்டு எட்டுக் கிணறுதான் நினைவில் நின்றது.

லண்டன் பகுதி ஊர்களின் சுகாதார அதிகாரிகள் எழுதிய ஆண்டறிக்கைகள், 1848 முதல் 1972 வரை, ஐயாயிரத்துக்கும் மேல், இன்று இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. எத்தனை வீடு பார்த்தார்கள், எத்தனை நோட்டீஸ் கொடுத்தார்கள், எத்தனை படுக்கை விரிப்புகளை ஆவியில் சுத்திகரித்தார்கள் என்று வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் அவற்றில் ஒன்றையாவது திறந்திருக்கலாம்.

எழுதத் தொடங்கிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாச் சிறப்பிதழில் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் பக்கம் பக்கமாக இடம் தந்தீர்கள், மகிழ்ந்தேன். வீடு வீடாகப் போய்த் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டிய பரிசோதகர்களுக்கு ஒரு வரியும் இல்லை. அதைச் சுட்டி இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு வரியாக்கி, ‘இதழ் அருமை’ என்ற பகுதியை மட்டும் வெளியிட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டு வாசகன் என்ற முறையில் அது எனக்கு வலித்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். படத்தில் இருப்பவர் சுகாதாரப் பரிசோதகர் என்றும், அவர் கையில் இருப்பது வடிகாலைச் சோதிக்கும் புகைப்பெட்டி என்றும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதம் முழுவதையும் விட்டுவிடுங்கள். அந்தத் திருத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வருகிற ஆண்டுக்கான சந்தாவை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்