மடியில் கை வைக்காதே

குடியாத்தம்
ஆவணி 12

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. குதிரைக்குட்டி துள்ளுகிறது, தாய்க்கு மறுபடி சினை நின்றிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல சேதி. இங்கே இரண்டு நாள் மழை தூறிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

பால் மறக்கடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பங்குனிக் கடைசியில் பிறந்த குட்டிக்குப் புரட்டாசி இரண்டாம் வாரத்தில் ஐந்தரை மாதம் ஆகிவிடும். அப்போதே பிரித்துவிடு. மூன்று மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் குட்டிக்கு வேண்டிய சத்து போதாது. தாயின் வயிற்றில் இருப்பதற்கும் இனித் தீனி வேண்டும். ஐப்பசிக்குத் தள்ளினால் தீபாவளி வெடியும் அடைமழையும் சேர்ந்துகொள்ளும். தாயைத் தேடிக் கத்துகிற குட்டி வெடிச்சத்தத்தில் வேலியில் போய் மோதும்.

உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் மாட்டுக்காரர்கள். செவ்வாய்தோறும் பொய்கைச் சந்தைக்குப் போய்வருகிறவர்கள் சொல்லும் யோசனை மாட்டுக்குச் சரி, குதிரைக்குப் பாதிக்கு மேல் ஆகாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தாய். பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தைப் பாதியாக்கு. கடைசி இரண்டு நாள் சுத்தமாக நிறுத்து. பிரித்த பிறகும் பத்து நாள் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் போதும். ‘தண்ணியக் குறை, பால் வத்திடும்’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. காய்ந்த புல்லைத் தின்னும் குதிரைக்கு நாளைக்கு முப்பது லிட்டராவது வேண்டும், வெயிலில் இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி கட்டிக்கொண்டு வயிற்றுவலி வரும். மடியைக் காப்பாற்றப் போய் உயிரை விடுவதாகிவிடும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் மடி கல் மாதிரி இறுகும். பார்க்கப் பாவமாக இருக்கும், கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் என்ன என்று கை போகும். தொடாதே. மடிக்குள் அழுத்தம் ஏறினால்தான் சுரப்பு நிற்கும். ஒருமுறை கறந்தால் அழுத்தம் இறங்கி மறுபடி சுரக்கும், நீ முதல் நாளுக்கே திரும்பிவிடுவாய். எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் கறப்பதில் சேர்த்திதான். காலையும் மாலையும் அரைமணி நேரம் நடக்கவை. வீக்கம் வடிய அதுதான் வழி. நாலைந்து நாளில் மடி தளரத் தொடங்கி, இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும்.

தொடாதே என்றேனே தவிர, பார்க்காதே என்று சொல்லவில்லை. தினம் இரண்டு வேளை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வை. 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறினாலும், ஒரு பக்கம் மட்டும் சூடாக வீங்கினாலும், வீக்கம் அடிவயிற்றில் முன்னோக்கிப் பரவினாலும், பின்னங்காலை அகட்டி நடந்தாலும் அது மடிநோயாக இருக்கலாம். உடனே டாக்டரைக் கூப்பிடு. அப்போது அவரே கறக்கச் சொல்வார், அது வேறு கணக்கு. குதிரைக்குக் காம்பு இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு துளை இருக்கும். ஒரு துளைப் பால் நன்றாக இருந்து மற்றது கெட்டிருக்கலாம், அதையும் அவரிடம் சொல். பால் வற்றிய பிறகு காம்புகளுக்கு நடுவே அழுக்கு சேரும். வாலை ஓயாமல் சுவரில் தேய்த்தால் முதலில் அங்கே கழுவிப் பார்.

குட்டியைப் பழகிய லாயத்திலேயே விட்டுவிட்டுத் தாயைத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் நல்லது. இடமில்லை என்றால் நடுவே உறுதியான மரவேலி வை, முள்கம்பி வேண்டவே வேண்டாம். துணைக்கு வயசான சாதுக்குதிரை ஒன்று, அதுவும் இல்லாவிட்டால் ஓர் ஆடு. கன்றைக் கட்டுவது போல முளையில் கட்டாதே. குட்டி பின்னுக்கு இழுத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ளும். ஆறு வாரமாவது தாயிடம் விடாதே. இரண்டு வாரத்தில் சேர்த்தால் மறுபடி ஊட்டத் தொடங்கிவிடும்.

தீனியை இன்றே ஆரம்பி. குட்டி மட்டும் நுழையும்படி ஒரு தடுப்பு கட்டி அதற்குள் வை. பத்துக் கிலோவுக்கு உடைத்த ஓட்ஸ் ஐந்தரை, மக்காச்சோளக் குருணை இரண்டு, சோயாப் புண்ணாக்கு ஒன்றரை, கோதுமைத் தவிடு ஒன்று. இதில் புரதம் 16 சதத்துக்குச் சற்று மேல் வரும். கூடவே தீவனத்துக்கு என்று விற்கும் சுண்ணாம்புக்கல் பொடி 200 கிராம் (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல!), உப்பு 50 கிராம். நூறு கிலோ உடம்புக்கு நாளைக்கு ஒரு கிலோ கணக்கில், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடு. ‘சீக்கிரம் வளரட்டும்’ என்று அள்ளிக் கொட்டினால் முழங்கால் மூட்டுக்கு மேல் எலும்பு முனை புடைத்துக்கொள்ளும்.

தவிட்டை ஒரு கிலோவோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அரிசித் தவிடோ கோதுமைத் தவிடோ, இரண்டிலும் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மெலிந்து முகம் உப்பிவிடும். மாடு தன் இரைப்பையில் ஆக்சலேட்டைப் பெரும்பாலும் உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. நேப்பியருக்குப் பதில் குதிரைமசால் கிடைக்குமா என்று விசாரி. கடலைக்கொடி போடுவதென்றால் வேரோடு ஒட்டிய மண்ணை உதறிவிட்டுப் போடு, இல்லாவிட்டால் மண் குடலில் தங்கும். பூஞ்சணம் பிடித்த கொடியும் கடலைப் புண்ணாக்கும் வேண்டாம். கோழித்தீவனத்தை மட்டும் லாயத்துப் பக்கமே கொண்டுவராதே. அதில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும்.

குடற்புழு மருந்தும் முதல் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் இந்த வாரமே முடியட்டும். இரண்டாவது ஊசி புரட்டாசி நாலாம் வாரத்தில் போடலாம். குளம்பு சீவுவது, ஊசி எதையும் பிரிக்கும் வாரத்தில் வைத்துக்கொள்ளாதே. குட்டி ஏற்கெனவே கலங்கிப் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் வயிற்றில் புண் என்று சந்தேகப்படு.

பிரித்த மூன்றாம் நாள் தாயின் சூடு எவ்வளவு என்று எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்