ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போகிறாயா?

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, அனு, குழந்தை யாழினி எல்லோரும் நலமாக இருப்பீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாமா வீட்டுப் பத்திரம் போன தடவை சொன்ன இடத்திலேயே நிற்கிறது. தேங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதை நீ பார்க்கிறாய், நீல டிக் விழுகிறது. பதில்தான் ‘சரிப்பா’ என்றும் ‘ஓகேப்பா’ என்றும் வருகிறது. வேலை அதிகமாக இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள். அதனால் காகிதத்தில் எழுதி, மாடி வீட்டுப் பையனை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போகிறாயா இல்லையா? உன் டிஸ்க் கால்ஃப் தட்டுப் பை இரண்டு மாதமாகக் கராஜிலேயே கிடக்கிறது என்று அனு பேச்சுவாக்கில் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடக்கிற உடம்பு. ஒரு நாளாவது நடக்க வேண்டாமா?

அமெரிக்காவில் உன் சார்லட் ஊருக்கு வந்த புதிதில், மரத்துக்கு நடுவே பிளாஸ்டிக் தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைப்பது ஒரு விளையாட்டா என்று நான் முகம் சுளித்தது உண்மை. ‘டீயில் இருந்து எறிய வேண்டும்’ என்று நீ சொன்னபோது, எங்கோ டீக்கடை இருக்கிறது என்று நினைத்துத் தேடினேன். முதல் தட்டை எறிகிற இடத்துக்குத்தான் அந்தப் பெயராம். ஆனால் ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவில் இரண்டாவது ஞாயிறே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மெம்பர்ஷிப் கிடையாது, கோட்டு சூட்டு கிடையாது. ஒரு தட்டு இருந்தால் யாரும் ஆடலாம். 2012இல் உலகப் போட்டியே உங்கள் ஊரில்தான் நடந்தது, பால் மெக்பெத் என்ற ஆட்டக்காரர் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றது அங்கேதான் என்று நீ சொன்னதை இங்கே வந்து நாலு பேரிடம் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை, அது வேறு விஷயம். அந்தச் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக் 2002இல் இறந்தபோது, அவர் ஆசைப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டாக வார்த்தார்களாமே. அம்மாவிடம் சொன்னேன். “உங்களுக்குக் காவிரி போதும், புது யோசனை எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இருந்த பத்து ஞாயிறும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 31 வருடம் வகுப்பறையில் நின்ற கண். டீயில் இருந்து யார் எப்படி எறிந்தாலும் உன் கூட்டாளிகள் ஒன்றும் சொல்வதில்லை. ஒருவர் ஓடி வந்து எறிகிறார், ஒருவர் நின்ற இடத்திலேயே, ஒருவர் தலைக்கு மேலே. மரத்தில் அடித்தால் சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கூடைக்குப் பக்கத்தில் வந்ததும்தான் எல்லோருக்கும் கண் வந்துவிடுகிறது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவனையே பார்க்கிற நேரம் அதுதானே. பக்கத்தில் நின்று கூடைக்குள் போடுவதற்குப் பட்டிங் என்று பெயர். அதைச் செய்கிறவன் கல்யாண மேடையில் தாலி கட்டுகிறவன் மாதிரி ஆகிவிடுகிறான்.

இதில் அவர்கள் ‘ஒழுங்கு’ என்று வைத்திருப்பது இரண்டு வகை. மணிக்கட்டைச் சுண்டித் தட்டைச் சுழலவிட்டு நேராக அடிப்பது ஒன்று. அதிகம் சுழலாமல் கையால் மெதுவாகத் தூக்கித் தள்ளி, கூடைக்குள் சாய்ந்து விழவைப்பது இன்னொன்று. ஒரு காலை முன்னால் வைத்தாலும் சரி, இரண்டு காலையும் அகட்டி நின்றாலும் சரி, இந்த இரண்டுக்குள் இருந்தால் உன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டர்போ பட் என்று நீ போடுகிறாயே, தட்டைத் தோளுக்கு மேல் தூக்கி, கட்டைவிரலை அடியில் கொடுத்து, விரல்களை விளிம்பில் வைத்துச் சுழற்றிவிடுவது, அதைப் பார்த்தால்தான் உதட்டோரம் ஒரு சிரிப்பு. குறுக்கே புதர் இருந்தால் அதே ஆட்கள் அதையேதான் போடுகிறார்கள். அப்போது அதற்குப் பெயர் சாமர்த்தியம். வெட்டவெளியில் நீ போட்டால் வேடிக்கை.

அந்தத் தாடிக்காரர், பெயர் மறந்துவிட்டது, ஒவ்வொரு வாரமும் உனக்குப் பாடம் எடுத்தாரே. நல்ல மனுஷன்தான், எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஆனால் அவர் தவறவிட்டால் காற்று, நீ தவறவிட்டால் உன் பாணி. இரண்டு பேரும் ஒரே அளவுதான் தவறவிட்டீர்கள், நான் எண்ணினேன். நீ போட்டுவிட்டால் மட்டும் ‘நைஸ் பட்’ என்பார், கூடவே தலையை ஒரு ஆட்டு. விதிப்புத்தகத்தில் கை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது என்று நீதானே சொன்னாய். தட்டு விழுந்த இடத்தில் வைத்த அடையாளத்துக்குப் பின்னால் காலை ஊன்ற வேண்டும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் இருந்தால், தட்டை விட்ட பிறகு தடுமாறி முன்னால் விழாமல் நிலையாக நின்று காட்டிவிட்டு நடக்க வேண்டும். அவ்வளவுதானே? நம்ம முரளிதரன் விஷயத்திலாவது முழங்கை இத்தனை டிகிரி என்று சண்டை போட ஒரு விதி இருந்தது. அப்படியும் 800 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் போனார். உன் விஷயத்தில் அந்த விதியும் இல்லை. பிறகு எதற்குப் பையைக் கராஜில் போட வேண்டும்?

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தொப்பி போட்ட பெரியவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, விரலை எங்கே வைக்கிறாய் என்று கேட்டு, கால் மணி நேரம் போட்டுப் பார்த்தார். அவர் தட்டு சங்கிலியில் படவே இல்லை. ஆனாலும் சிரிக்கவில்லை, மறுபடி கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. வாத்தியார் மகன் அமெரிக்காக்காரருக்குப் பாடம் எடுக்கிறான் என்று அம்மாவுக்கு மட்டும் போனில் சொன்னேன்.

அந்தக் கடைசி ஞாயிறு. மேட்டின் மேல் இருக்கிற கூடை. எட்டடி வைத்தால் தொட்டுவிடலாம். நீ தட்டை மாற்றி இடது கையில் வாங்கினாய், தோளுக்கு மேல் தூக்கினாய். நான் நாற்காலியில் இருந்து, “ஏண்டா, ரெண்டு நெய் ரோஸ்ட்டா?” என்றேன். நீ சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். தாடிக்காரர் என்ன என்று கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். அரைகுறை இங்கிலீஷில், எங்கள் ஊர் ஓட்டல் சர்வர் இப்படித்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று எழுந்து நின்று நடித்தே காட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ‘வெய்ட்டர், வெய்ட்டர்’ என்று ஒருவன் உன் முதுகில் தட்டினான். நீ தட்டை வலது கைக்கு மாற்றி, அவர்களைப் போலவே நின்று, அவர்களைப் போலவே போட்டாய். கூடை விளிம்பில் பட்டு, தரையில் சக்கரம் மாதிரி நின்று, சரிவில் உருண்டு ஓடைப் பக்கம் போய்விட்டது. நீ இறங்கிப் போய் எடுத்து வந்தாய். அதற்குப் பிறகு அன்றைக்கு இடது கை வெளியே வரவே இல்லை.

கிண்டல் செய்தது தப்பு. ஆனால் அதற்காக ஒரு ஆள் விளையாட்டையே விடுவானா என்று எனக்குக் கோபமும் வருகிறது. நம் வாசகசாலையில் டெய்லர் காஜா மாமா கட்டைவிரலால் கேரம் ஆடுவார், ஞாபகம் இருக்கிறதா? பொம்பளை ஆட்டம் என்று சிரித்தோம். அவர் பாட்டுக்குச் சிவப்பைப் போட்டுவிட்டு பீடி பற்றவைப்பார். நீயும் அப்படி இருந்துவிட்டுப் போயேன். ஞாயிற்றுக்கிழமை போ. மழை இல்லை என்றால் போ.

அம்மா தூங்கிய பிறகு போனில் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ரிக் பாரி என்று ஒரு கூடைப்பந்துக்காரர். ஃப்ரீ த்ரோவை, அதாவது யாரும் தடுக்காமல் நின்று போடுகிற பந்தை, இரண்டு கையாலும் பிடித்து, கால் நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடுவாராம், கிணற்றில் வாளி இழுத்து ஊற்றுவது போல. பாட்டி ஆட்டம் என்று பெயர். 100 போட்டால் ஏறத்தாழ 90 விழுந்திருக்கிறது. வில்ட் சேம்பர்லின் என்று இன்னொரு கூடைப்பந்துக்காரர், 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த ராத்திரி, அதே முறையில் 32க்கு 28 போட்டார். பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார். விட்ட பிறகு பாதிதான் விழுந்ததாம். ஏழடி மனுஷனுக்கே கூச்சம். இதில் என்னைத் தூங்கவிடாதது வேறு ஒன்று. ரிக் பாரிக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா. பையன் மாட்டேன், சிரிப்பார்கள் என்றிருக்கிறான். அப்பா விடவில்லை.

நானும் விடவில்லை, தம்பி.

இரண்டு பக்கமாக விளையாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பை கராஜில் கிடப்பது நெய் ரோஸ்ட்டுக்காக மட்டும் என்றால் எனக்கு நிம்மதி. நான் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி யாழினி தரையில் படுத்து யானை வரைந்துகொண்டிருந்தாள். ஆரஞ்சு க்ரேயான் இடது கையில் இருந்தது. நான் அதை எடுத்து வலது கையில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. நீ சமையலறை வாசலில் ஈரத்துணியோடு நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை என்னைப் பார்த்தது, உன்னைப் பார்த்தது, க்ரேயானைக் கீழே வைத்துவிட்டது. யானைக்குத் தும்பிக்கை இல்லாமலே போய்விட்டது. விமான நிலையம் வரை நீ ரோட்டைப் பார்த்தே ஓட்டினாய்.

நீல ஸ்கேல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம், இடது கையை அம்மாவின் ரிப்பனால் இடுப்போடு கட்டி, ‘அ’ எழுத வைத்தேன். பந்தியில் எவனோ பீச்சாங்கை என்று சொன்னான் என்று வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். வாத்தியார் பிள்ளை இடது கையால் எழுதுகிறான் என்று பள்ளிக்கூடத்தில் பேசுவார்களே என்பதுதான் என் கவலை, உன் கை அல்ல. ராத்திரி நீ தூக்கத்தில் இடது விரலால் சுவரில் என்னவோ எழுதிக்கொண்டிருப்பாய் என்று அம்மா அப்போதே சொன்னாள். நான் போய் ஒரு நாளும் பார்க்கவில்லை. கூடைக்கு அருகே போனதும் தட்டு ஏன் இடது கைக்கு மாறுகிறது என்று பச்சைத் தொப்பிக்காரர் கேட்டதற்கு, “தெரியவில்லை, தானாக வருகிறது” என்றாய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

யாழினியிடம் நானே போனில் பேசிக்கொள்கிறேன். நீ எதுவும் சொல்லித் தரவேண்டாம். அந்த யானையை மட்டும் முடிக்கச் சொல்லு.

அனுவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் தயார். பார்சல்காரன் எடை பார்த்து 3 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்கிறான், எதை எடுப்பது என்று அம்மா திணறுகிறாள். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை போ.

இன்னொன்று. நீ எனக்குக் கொடுத்தனுப்பிய மஞ்சள் தட்டை நேற்று மொட்டை மாடிக்கு எடுத்துப்போனேன். துணிக் கூடையைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து, இடது கையால், உன்னைப் போலவே தோளுக்கு மேல் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை தொட்டியில் அடித்தது. மூன்றாவது, பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அங்கேதான் கிடக்கிறது, இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. என்ன என்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அப்பா