நம் அனுமதியும் பிறரின் அந்தரங்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களில் அந்தரங்கத்தைக் காப்பது பற்றிப் பேசும்போது, கடவுச்சொல்லை வலுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். கடவுச்சொல் அவசியம்தான், ஆனால் அதை யாரும் திருடாமலேயே நம் விவரங்கள் வெளியேறிவிடுகின்றன என்பதே என் கவலை. 2018-இல் வெளிச்சத்துக்கு வந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், ஃபேஸ்புக் வழியாக ஆளுமையைக் கணிக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்களின் தகவல்களும் சேர்த்து எடுக்கப்பட்டதால், 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே தெரிவித்தது. அந்தச் செயலியைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோர்.

இன்றும் ஒரு செயலி கேட்டவுடன், நம் கைபேசியில் உள்ள தொடர்பு எண்கள் முழுவதையும் பார்க்க அனுமதி தந்துவிடுகிறோம். அந்த எண்களுக்கு உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் வருத்தமளிக்கிறது. பிறந்தநாள், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல் ஆகியவை தெரியும் படங்களைப் பெற்றோரே பொதுவில் பதிவிடும்போது, மறுப்புச் சொல்லும் வயதை அந்தக் குழந்தை எட்டும் முன்பே, அதன் அன்றாடம் முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னர் பதிவை நீக்கினாலும், பிறர் எடுத்துவைத்த நகல் நீங்குவதில்லை.

ஆகவே, புதிய கணக்குகள் தொடக்கத்திலேயே நண்பர்கள் மட்டும் காணும் வகையில் அமைந்திருக்க வேண்டும் என்று நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, தங்கள் கணக்கின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, பயன்படுத்தாத செயலிகளுக்கு என்றோ கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெறுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்