ஐப்பசி பிறக்குமுன் வீட்டுக்கு ஒரு ரேடியோ: ஊர்ப் பொதுமக்களுக்கும் வெளியூர் வாழ் சொந்தங்களுக்கும் வேண்டுகோள்

மாரியம்மன் துணை

வேதாரண்யம் கடற்கரையில் பிறந்து, இன்று ஊரில் இருந்தாலும் திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று எங்கே இருந்தாலும், நம் ஊர் மக்கள் அனைவருக்கும் பஞ்சாயத்தாரும் இளைஞர்களும் சேர்ந்த ரேடியோக் குழுவின் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். புயல் நேரத்தில் செய்தி கேட்க வீட்டுக்கு ஒரு ரேடியோ வாங்குகிறோம், அதற்கு ரூ. 1,06,000 குறைகிறது. புரட்டாசி 25-க்குள் முழுப் பணமும் கட்டினால்தான் வியாபாரி சொன்ன விலை நிற்கும். அதற்குப் பிறகு மழைக்காலம். அப்போது யார் கேட்டாலும் விலை ஏறிவிடும், சரக்கும் கிடைக்காது.

"கையில் போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?" என்று ஊர்க் கூட்டத்திலேயே கேட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நமக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியதே, அன்று விடிந்தபோது எந்தப் போனில் கோடு இருந்தது? கரண்ட் போனால் டவர் தன் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். தார்ப்பாய் எங்கே கொடுக்கிறார்கள், தண்ணீர் லாரி எந்தப் பக்கம் வருகிறது என்று ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் பாதி வதந்தி.

நம் ஊருக்கு ரேடியோ புதிதும் அல்ல. மாரியம்மன் கோயில் பக்கத்தில் இருந்த ரேடியோ ரூமும், அதன் மேல் கடலைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. வலை பின்னிக்கொண்டே இலங்கை வானொலி கேட்ட ஊர் இது. அக்கரைப் பாட்டு அலைச்சத்தத்தோடு வரும். காலையில் டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயண்சுவாமி அவர்களின் குரல் கேட்டால்தான் பெரியவர்கள் டீக்கடையை விட்டு எழுந்திருப்பார்கள். 1977 நவம்பர் 12-இல் நாகைப் புயல் அடித்தபோது, புயல் கூண்டு நம்பரை அந்தக் குழாயில் கேட்டுத்தான் வள்ளங்களைத் தென்னந்தோப்பு வரை இழுத்துப் போட்டோம் என்று மூத்தவர்கள் இன்றும் மார்தட்டுகிறார்கள். தட்டட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பின்னால் டி.வி. வந்தது, ரூம் பூட்டப்பட்டது, குழாயை உப்புக்காற்று தின்றது.

எதை வாங்குவது என்பதற்கே சண்டை போட்டோம். மாதிரிக்கு வந்த பெட்டிகளில் பளபளப்பாக இருந்த ஒன்றில் 'வானிலை அலைவரிசை' என்று தனிப் பொத்தான் இருந்தது. நம் பையன்களுக்கு அதன் மேல்தான் ஆசை. அது அமெரிக்கா, கனடாவில் 162 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒலிபரப்புக்கானது. இங்கே திருப்பினால் இரைச்சல்தான். அதைத் தள்ளினோம். இன்னொன்றின் கைப்பிடி, கூட்டத்தில் நாலு பேர் சுற்றிப் பார்ப்பதற்குள் மடங்கிக் கையோடு வந்துவிட்டது.

கடைசியில் எடுத்தது சாதாரணப் பெட்டி. எஃப்.எம்., மீடியம் வேவ் இரண்டும் உண்டு. காரைக்கால் 100.3 தெளிவாக எடுக்கிறது. எஃப்.எம். தூரம் போகாது, பக்கத்து நிலையம் புயலில் நின்றுபோனால் தொலைவிலிருந்து பிடிக்க மீடியம் வேவ் வேண்டும். திருச்சி 936-ஐப் பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பிப் பிடித்தோம். ஆன்டெனா கம்பி எஃப்.எம்.முக்கு மட்டும்தான், மீடியம் வேவுக்குப் பெட்டியைத்தான் திருப்ப வேண்டும். புயல் பாதுகாப்பு மையத்தின் கான்கிரீட்டுக்குள் இழுக்காது, ஜன்னலோரம் வைக்க வேண்டும். சோலார் தகடும் சுற்றும் கைப்பிடியும் இருக்கின்றன. ஆனால் ஐப்பசி கார்த்திகை மேகத்தில் சோலாரை நம்ப முடியாது. கையால் ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் செய்தி கேட்கலாம், போனுக்குச் சார்ஜ் ஏற்றப் போனால் தோள்தான் வலிக்கும். அதனால்தான் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியும் போடுகிற மாதிரியாகப் பார்த்து எடுத்தோம். (பேட்டரியை உள்ளேயே போட்டு வைக்காதீர்கள், கசிந்து தகட்டை அரித்துவிடும். தனியாகப் பையில் வையுங்கள்.)

வீடுகளுக்கு 180, மழைக்காலத்தில் கோடியக்கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்யும் நம் ஆட்களுக்கு 6, புயல் மையத்துக்கு 4, ஆக 190. ஒன்று ரூ. 1,480 வீதம் ரூ. 2,81,200. பேட்டரி ரூ. 17,100. தண்ணீர் புகாத பை ரூ. 7,600. வண்டிக்கூலி ரூ. 4,100. மொத்தம் ரூ. 3,10,000. படகில் இருக்கும் வாக்கிடாக்கிக்கு இது மாற்று அல்ல, அதைக் கழற்றி வைத்துவிட்டு இதைக் கொண்டு போகாதீர்கள்.

இதுவரை வந்தது ரூ. 2,04,000. கேட்ட அன்றே ரூ. 60,000 அனுப்பிய சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு அம்மன் குறையில்லாத வாழ்வு தரட்டும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லி ரூ. 25,000 கொடுத்த ஓய்வுபெற்ற டீச்சர் அம்மாவை ஊருக்கே தெரியும், ஆனாலும் போடவில்லை. மீன் விற்ற காசில் மகளிர் குழுவினர் சேர்த்த ரூ. 18,000 பத்தும் இருபதுமாக, ஈரம் காயாத நோட்டுகளாக வந்தது. எண்ணவே ஒரு பொழுது ஆயிற்று. சிறுகச் சிறுக மற்றவர்கள் கொடுத்தது ரூ. 31,500. கஜாவுக்கு ஓடு வாங்கிக் கொடுத்த அதே கைகள்தான் இதற்கும் நீண்டிருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

மீதி ரூ. 69,500 ஊர் வரி. வீட்டுக்கு ரூ. 500 என்று எல்லோரும் கைதூக்கி முடிவு செய்தது. 139 வீடு கட்டியாயிற்று, 41 வீடு கட்டவில்லை. கஷ்டப்படும் வீடு எது என்று பஞ்சாயத்துக்குத் தெரியும், அவர்களை நாங்கள் கேட்கப் போவதில்லை, பெட்டி அவர்களுக்கும் உண்டு. ஆனால் புது மாடி எழுப்பியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 1930-இல் உப்பு அள்ள ராஜாஜியோடு வேதாரண்யத்துக்கு நடந்து வந்தவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று கலெக்டர் உத்தரவு போட்டபோதும், வழியோர மரங்களில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்ட ஜில்லா இது. இப்போது கொடுப்பதற்கு எந்தக் கலெக்டரும் தடை போடவில்லை. வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கட்டியவர் பெயரைக் கோயிலில் வாசிப்போம். கட்டாதவர் பெயரை வாசிக்க மாட்டோம், வாசிக்காததிலேயே தெரிந்துவிடும்.

பணத்தைப் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து, அச்சடித்த ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்ப் பொதுக் கணக்குக்கே அனுப்பவும். வீட்டுக்கு அனுப்பி "அப்பாவிடம் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கோயில் மதிலுக்கு அப்படி அனுப்பிய பணம் தேர் ஓடி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

இப்படிக்கு,
ஊர்ப் பஞ்சாயத்தார், ரேடியோக் குழுவினர்